வழி சொன்ன கூத்தன்

கை நிறையப் பரிசு வாங்கிக்கொண்டு ஊர் திரும்பும் கூத்தன் ஒருவன், வெறுங்கையோடு எதிரே வரும் இன்னொரு கூத்தர் கூட்டத்தை வழிமறிக்கிறான். நன்னன் என்ற வேளிடம், அந்தக் குறுநில மன்னனிடம், போங்கள் என்கிறான். எந்தப் பக்கமாகப் போவது, எங்கே தங்குவது, யார் சோறு போடுவார்கள் என்று ஒவ்வொன்றாகச் சொல்லத் தொடங்கி 583 அடிகளில் முடிக்கிறான். பத்துப்பாட்டின் கடைசிப் பாட்டான மலைபடுகடாம் இதுதான். கூத்தராற்றுப்படை என்றும் அதற்குப் பெயர் உண்டு. பெருங்கௌசிகனார் பாடிய அந்த நன்னனின் ஊரான செங்கண்மா, ஜவ்வாது மலைக்குத் தெற்கே இருக்கும் இன்றைய செங்கம். ஜவ்வாதில் பிறந்து இறங்கும் செய்யாறு, சேயாறு என்ற பழைய பெயரோடு பாட்டிலும் ஓடுகிறது.

புலவர்கள் இதை மலைவளத்துக்காகவும், மலையில் எழும் ஓசைகளை அடுக்கிச் சொல்லும் அழகுக்காகவும் கொண்டாடுவார்கள். சொந்தமாகப் பாட்டுக் கட்டி, கம்பெனி எதுவும் பின்னால் இல்லாமல் ஆள் சேர்க்கத் தவிக்கும் இன்றைய இசைக்காரர்கள் இதை வேறு கண்ணோடு படிக்கலாம். அவர்கள் தொழிலுக்கான கையேடு தமிழில் அப்போதே எழுதப்பட்டுவிட்டது.

கூத்தன் முதலில் மூட்டையைக் கணக்கெடுக்கிறான். முழவு, ஆகுளி, பாண்டில், கொம்பு, தூம்பு, குழல், எல்லரி, பதலை. எல்லாம் பலாக்காய்க் கொத்துப்போலப் பைகளில் தொங்குகின்றனவாம். பிறகு வழி. பன்றிக்கு வைத்த பொறி இருக்கும், இருட்டில் நடக்காதீர்கள். பாம்பு உறையும் குழிகள் உண்டு. தினைப்புனத்துக் காவலர்கள் யானையை விரட்டக் கவண்கல் எறிவார்கள், மரத்தின் மறைவாகப் போங்கள். பாறை வழுக்கும், கொடியைப் பிடித்துக்கொள்ளுங்கள். இவ்வளவுக்கும் பிறகு வழி தவறிவிட்டால்? கருவிகளை எடுத்து வாசியுங்கள் என்கிறான். சத்தம் கேட்டுக் கானவர் ஓடிவந்து பாதை காட்டுவார்கள்.

இந்த இடத்தில்தான் ரசிகன் ஒரு கணம் புத்தகத்தை மூடிவைக்க வேண்டும். முன்பின் தெரியாத ஊரில், முகம் தெரியாதவர்கள் நடுவே, நான் யார் என்று சொல்லிக்கொள்ள இசைக்காரனுக்கு வேறு சீட்டு எதற்கு? இன்னொரு நயமும் உண்டு. தனக்குப் பொன் கிடைத்த வாசலை, அதே தொழில் செய்கிறவனுக்கு அந்தக் கூத்தன் தானாகவே காட்டிக்கொடுக்கிறான். கச்சேரி வாய்ப்பின் முகவரியைப் பொத்திப் பொத்தி வைத்துக்கொள்ளும் சென்னை சபா உலகத்துக்கு இது கொஞ்சம் விசித்திரமாகத்தான் தெரியும்.

பரிசு தந்த வேள் போனான், அவன் இடத்துக்கு ஊர் வந்தது. மலையடிவாரத்துப் போளூர், செங்கம், ஆரணி, செய்யாறு வட்டாரத்தில் இன்றும் கூத்துக் குழுவை ஜமா என்பார்கள். பாரி இளவழகன் இயக்கி 2024இல் வெளியான ‘ஜமா’ இவர்களைப் பற்றிய படம், இசை இளையராஜா. பங்குனி தொடங்கி மாதக்கணக்கில் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதக் கூத்து நடக்கும். வெற்றிலை பாக்கோடு முன்பணம் கைமாறினால் ஆட்டம் உறுதி. இங்கே எந்த ஜமாவுக்கும் தனியாக விளம்பரப் பிரிவு கிடையாது. அந்த வேலையைக் கூத்தே செய்துகொள்கிறது.

எப்படி என்றால், இரவுச் சாப்பாடு முடிகிற நேரத்தில் களரி கட்டுவார்கள். மிருதங்கம், டோலக், தாளம், ஆர்மோனியம், இவற்றுக்கெல்லாம் மேலே முகவீணை. ஒரு முழத்துக்கும் குறைவான குழல்தான். ஆனால் அந்தக் கூர்மையான சத்தம் வயல்களைத் தாண்டி அடுத்த ஊர் வரை போகும். வேஷக்காரர்கள் அப்போது உள்ளே அரிதாரம் பூசிக்கொண்டிருப்பார்கள். கல்யாண முருங்கைக் கட்டையில் செதுக்கிக் கண்ணாடிச் சில்லு ஒட்டிய கிரீடமும் புஜக்கட்டையும் இன்னும் உடம்பில் ஏறியிருக்காது. கதை தொடங்கவில்லை, வாத்தியம் மட்டும் பேசுகிறது. பாயைச் சுருட்டிக்கொண்டு ஜனம் வருகிறது. அழைப்பும் இசை, அழைப்பின் தரமே அன்றைய ஆட்டத்தின் தரம். களரி கட்டும்போதே மிருதங்கக்காரர் கை தளர்ந்தால், தூரத்தில் படுத்திருக்கும் கிழவர் ‘இன்னைக்கு ஆட்டம் சுகமில்லை’ என்று புரண்டு படுத்துவிடுவார்.

அடுத்தது திரை. இரண்டு பேர் பிடித்த துணிக்குப் பின்னால் நின்று துரியோதனன் விருத்தம் பாடுவான். கிரீடத்தின் உச்சி மட்டும் தெரியும். திரை விலகினாலும் கூத்தின் கோமாளியான கட்டியக்காரன் விடமாட்டான். நீ யார், எந்த ஊர், யார் பிள்ளை என்று குடைவான். ராஜா தன் குலம் கோத்திரம் எல்லாம் ஒப்பிக்க வேண்டும். தற்பெருமையை இவ்வளவு ரசிக்கும்படி செய்த கலை வேறு உண்டா என்பது சந்தேகம். பெருமை பேசுகிறவன் பக்கத்திலேயே கேலி பேசுகிறவனையும் நிறுத்திவைத்ததில் இருக்கிறது சூட்சுமம். தன்னைத் தானே புகழ்ந்து வீடியோ போடுகிறவர்கள் பக்கத்தில் ஒரு கட்டியக்காரனை நிறுத்திக்கொண்டால், பார்க்கிறவர்களுக்குச் சலிப்பு பாதியாகும்.

பாடுகிறவர் பாட்டுக்குள் தன் பெயரை வைப்பதும் புதிதல்ல. திருஞானசம்பந்தர் அநேகமாகப் பதிகம்தோறும் கடைசிப் பாட்டில் தன் பெயரையும் தன் ஊர் காழியையும் வைத்து, இதைப் பாடுகிறவர்களுக்கு என்ன கிடைக்கும் என்றும் சொல்லிவிடுவார். பெயர், ஊர், பரப்புகிறவருக்குப் பலன்: மூன்றும் ஒரே பாட்டில். ஜவ்வாதுக்குத் தெற்கே இருக்கும் திருவண்ணாமலையிலும் அவர் பாடியிருக்கிறார்.

ஜவ்வாதுக்கு வடகிழக்கே அரக்கோணத்திலிருந்து வந்த ராப் பாடகர் அறிவு இந்த வரிசையில் இயல்பாகப் பொருந்துகிறார். 2018 ஜனவரி 6 அன்று சென்னை கீழ்ப்பாக்கத்தில் ‘தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ குழு முதன்முதலாக மேடையேறியபோது அவரும் அதில் ஒருவர். இயக்குநர் பா. ரஞ்சித்தின் முயற்சியும் இசைக்கலைஞர் டென்மாவின் வேலையும் கானாவையும் ராப்பையும் ராக்கையும் ஒரே மேடையில் நிறுத்தின. குழுவுக்குப் பெயர் வந்தது அயோத்திதாசரின் ‘சாதியற்ற தமிழர்’ என்ற எண்ணத்திலிருந்து. சினிமாப் பாட்டுதான் இசை என்று பழகிய ஊரில், படமே இல்லாத பாட்டுகளைக் கேட்க ஆயிரக்கணக்கில் கூட்டம் வந்தது. அறிவு அடுத்த ஆண்டே இசைக்கலைஞர் ஆஃப்ரோவோடு சேர்ந்து ‘தெருக்குரல்’ ஆல்பத்தைக் கொண்டுவந்தார்.

2021 மார்ச்சில் இசையமைப்பாளர் சந்தோஷ் நாராயணன் தயாரிப்பில், பாடகி தீயோடு அறிவு பாடிய ‘என்ஜாய் எஞ்சாமி’ வந்தபோது உலகமே கேட்டது. தேயிலைத் தோட்டத்தில் உழைத்த அறிவின் பாட்டி வள்ளியம்மாவின் நினைவு அதற்குள் இருந்தது. ஆனால் அதே ஆண்டு ஆகஸ்டில் ரோலிங் ஸ்டோன் இந்தியா இதழின் அட்டையில் தீ இருந்தார், அறிவு இல்லை; எதிர்ப்பு எழுந்த பிறகே அவருக்குத் தனி அட்டை வந்தது. மறு ஆண்டு செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழாவில் அந்தப் பாட்டு ஒலித்தபோதும் அவர் மேடையில் இல்லை. அந்தப் பாட்டிலிருந்து தங்களுக்கு வருமானமே வரவில்லை என்று சந்தோஷ் நாராயணன் 2024இல் சொன்னார். கூட்டம் கோடிக்கணக்கில் சேர்ந்துவிட்டது. பரிசில் வழியில் எங்கோ நின்றுவிட்டது. அறிவு பிறகு வெளியிட்ட ஆல்பத்துக்கு ‘வள்ளியம்மா பேராண்டி’ என்று பெயர். துரியோதனன் கட்டியக்காரனுக்குச் சொல்லும் பதிலின் அதே வாய்ப்பாடு: தான் யார் பேரன் என்று சொல்லிவிடுவது.

மலைபடுகடாமில் வருவதுபோல வழிகாட்டி அனுப்புகிற கூத்தனைத் தேடினால் அவனும் கிடைக்கிறான், கொஞ்சம் தொலைவில். அட்டப்பாடியின் இருளர் பாடகி நஞ்சியம்மா, ஆடு மாடு மேய்த்துக்கொண்டு ஆசாத் கலா சங்கம் என்ற குழுவில் பாடிவந்தவர். அந்தக் குழுவை நடத்திய பழனிசாமி நடிகரும்கூட. இயக்குநர் சச்சியிடம் நஞ்சியம்மாவைக் கொண்டுபோய்ச் சேர்த்தவர் அவர்தான். 2020இல் ‘அய்யப்பனும் கோஷியும்’ படத்தில் நஞ்சியம்மா தன் மொழியில் தானே கட்டிய பாட்டைப் பாடினார். 2022இல் சிறந்த பின்னணிப் பாடகிக்கான தேசிய விருது அறிவிக்கப்பட்டது. முறையாகப் பயிலாதவருக்கா என்று சிலர் முணுமுணுத்தார்கள். மற்ற இசைக்கலைஞர்கள் பலர் வெளிப்படையாக அவர் பக்கம் நின்றார்கள்.

ஜவ்வாது மலை மேலே மலையாளிப் பழங்குடிகளின் ஊர்களிலும் பாட்டும் ஆட்டமும் இருக்கின்றன. ஜமுனாமரத்தூரில் அரசு நடத்தும் கோடை விழா மேடை அவர்களுக்குக் கிடைக்கும் பெரிய கூட்டங்களில் ஒன்று. அங்கே வெறுமனே ‘மலைவாழ் மக்கள் நடனம்’ என்று அறிவித்தால் எந்த ஊர்க்காரர்கள், யார் குழு, அடுத்த திருவிழாவுக்கு யாரைக் கூப்பிடுவது என்று கீழே உட்கார்ந்திருக்கிறவர்களுக்குத் தெரியப்போவதில்லை. ஆட்டம் தொடங்குமுன் ஒரு கட்டியக்காரனை மேடையேற்றிக் குழுத் தலைவரிடம் ஊரும் பேரும் கேட்கவைத்தால் இரண்டு நிமிஷம்கூட ஆகாது.