ஃபார்ச்சூனரின் கனம்

கோலார் தங்கவயலின் ராபர்ட்சன்பேட்டைக் கடைத்தெருவில் டொயோட்டா ஃபார்ச்சூனர் வந்து நின்றால் என் காது முதலில் போவது அதன் கதவுக்குத்தான். தொப்பென்று ஒரே சத்தம், தகர அதிர்வே கிடையாது. பெங்களூரை அடுத்த நம் பிடதியில் தயாராகும் வண்டி என்பதில் எனக்குத் தனிச் சந்தோஷம். ஏறி உட்கார்ந்தால் பானெட் முழுக்கக் கண்ணுக்குத் தெரியும். நெரிசலில் எவ்வளவு இடமிருக்கிறது என்று கை தானாகவே கணக்குப் போடும். மெதுவாகப் போகையில் ஸ்டியரிங் கனக்கும், பின்சீட்டில் குலுக்கலும் உண்டுதான்.

ஆனால் அந்தக் கனத்தின் அருமையை, 2001இல் தங்கச் சுரங்கம் மூடிய பிறகும் நிற்கிற சயனைடு கழிவு மேடுகளின் ஓரம், மழை அரித்த மண்பாதையில் பார்க்க வேண்டும். கைதேர்ந்த ஓட்டுநர் அவசரப்படமாட்டார். கியரைக் குறைத்து, ஒரு சக்கரத்தைப் பள்ளத்தில் மெல்ல இறக்கி, அது மண்ணைப் பற்றியது இருக்கையில் உறைத்த பிறகே அடுத்ததை விடுவார். டீசல் எஞ்சின் அடிக்குரலில் உறும, அடிச்சட்டம் முறுக்கலைத் தாங்க, வண்டி அசைந்து அசைந்து மேலேறும். வெயில் நாளில் அந்த மேட்டுத் தூசி மாவாய்ப் படியும். கதவு ரப்பரின் மடிப்புக்குள் ஈரத்துணியோடு விரலை விட்டு அதைத் துடைத்தெடுக்கும் ஓட்டுநர்களை எனக்கு மிகவும் பிடிக்கும்.