நிலவியற் காலப்பெயர்களும் ஆகுபெயர் நெறியும்

நிலவுலகின் நெடிய வரலாற்றை நிலவியலார் பல காலங்களாகப் பகுத்துப் பெயரும் குறியும் இட்டுள்ளனர். அப்பெயர்கள் பிறந்த நெறியை ஆராயாது, அனைத்தையும் மொழிபெயர்த்தலும் அனைத்தையும் ஒலிபெயர்த்தலும் ஒருங்கே குற்றமாம். அந்நெறியைத் தெளிதற்கு ஆகுபெயர் இலக்கணமே தக்க கருவி என்பது ஈண்டு நிறுவப்படும்.

ஜூரா என்பது பிரான்சு, சுவிட்சர்லாந்து நாடுகளின் எல்லைக்கண் உள்ள மலை. அதன் பெயர் ஆண்டுள்ள சுண்ணாம்புப் பாறைக்கு ஆயிற்று. பின்னர் அப்பாறை படிந்த காலத்திற்கும் ஆயிற்று. 'கார்' என்னும் நிறப்பெயர் முகிலுக்கும், பருவத்திற்கும், அப்பருவத்து நெல்லுக்கும் முறையே ஆதலை மும்மடியாகுபெயர் என்பர். அந்நெறியால் நோக்கின் ஜுராசிக் என்பது இருமடியாகுபெயரே. இடப்பெயரடியாகப் பிறந்த இதனை மொழிபெயர்த்தல் பொருந்தாது.

கிரெட்டேசியசு என்பதோ வேறு. இலத்தீன் மொழியில் சீமைச்சுண்ணத்தைக் குறிக்கும் சொல்லடியாக 1822இல் ஒமாலியுசு தல்லுவா என்பார் அமைத்த பெயர் அது. ஆதலின் 'சுண்ணக்காலம்' எனல் தகும் என்பார்க்கு ஒரு தடை உண்டு. உத்தத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என நம் ஊர்ப்பெயர்களையே தாங்கிய அக்காலத்துப் பாறைத் தொகுதிகளில் மணற்கல்லும் களிமண்ணும் மிகுதி. சீமைச்சுண்ணத்தைத் தேடிச் செல்லும் மாணாக்கன் ஏமாறுவன். எனவே இப்பெயர் காரணம் பற்றித் தோன்றிப் பின் இடுகுறியளவில் நின்றது எனக் கொண்டு, அக்குறிப்புடன் வழங்குதலே முறை.

குறிகளோ முற்றும் இடுகுறியே. கிரெட்டேசியசின் குறி 'கே' என்னும் உரோமன் எழுத்து. அது சுண்ணத்தின் செருமானியப் பெயராகிய 'கிரைடெ' என்பதன் முதலெழுத்து. 'சீ' என்னும் எழுத்துக் கார்பானிபெரசு காலத்திற்கு உரியதாயிற்று. குறியையும் தமிழாக்கின் உலகத்தார் நிலவியற் படங்களை நம் மாணாக்கர் படித்தல் அரிதாம்.

காலப்பெயர்க்கு ஒத்த இவ்வாராய்ச்சி பாறைப்பெயர்க்கும் ஒக்கும். பரங்கிமலை, பல்லாவரம் ஆகிய இடங்களிற் காணப்படும் ஏறத்தாழ 250 கோடி யாண்டுத் தொன்மையுடைய பாறை, சார்னோக்கைட்டு எனப்படும். கல்கத்தாவில் ஜோப் சார்னாக்கு என்னும் ஆங்கில வணிகரின் கல்லறை இவ்வகைக் கல்லால் ஆயது பற்றித் தாமசு ஆலந்து 1893இல் இப்பெயரிட்டார். ஜூரா மலை தன் பெயரைக் காலத்திற்கு ஈந்தது. பல்லாவரமோ தன் கல்லுக்கும் பெயர் ஈயவில்லை. உலகம் ஏற்ற பெயரை இன்று மாற்றுதல் மயக்கமே தரும். ஆயினும் பெயரை மட்டும் ஒலிபெயர்த்து, அது பிறந்த வரலாற்றை விடுத்தல் குறையேயாம். தாம்பரத்திற் பயிலும் மாணாக்கன், நாள்தோறும் இரயிலிலிருந்து காணும் குன்றே நூலிற் கற்கும் சார்னோக்கைட்டு என உணர்தல் வேண்டும். அவ்வுணர்ச்சியைத் தாராத கலைச்சொல், சொல்லளவில் தமிழாயினும் பயனளவில் தமிழாகாது.