பாட்ரோலா, லேண்ட் குரூசரா?

வளைகுடாவில் வார விடுமுறைக்குப் பாலைவனம் போகிறவர்கள் இரண்டு கட்சி. நிசான் பாட்ரோல் ஒன்று, டொயோட்டா லேண்ட் குரூசர் இன்னொன்று. ஜீப்காரர்களும் உண்டு, அவர்கள் சுயேச்சைகள். இரு கட்சிகளின் கொள்கை விளக்கக் கூட்டமும் ஷார்ஜா தொழிற்பேட்டையின் பழைய உதிரிபாகக் கடை வாசல்களில் நடக்கும். ஒரு சுலைமானி டீ தீர்வதற்குள் முடிந்ததாகச் சரித்திரம் இல்லை. இத்தனைக்கும் பேச்சு ஷோரூமில் நிற்கிற புது வண்டிகளைப் பற்றியதே அல்ல. உற்பத்தி நின்ற, துருவுக்கும் வெயிலுக்கும் தப்பித்து ஓடிக்கொண்டிருக்கிற கிழவர்களைப் பற்றியது.

அந்தக் கிழவர்களில் இருவரை நண்பர்களிடம் இரவல் வாங்கி ஓட்டிப் பார்த்தேன். ஒன்று ஒய்61 பாட்ரோல், 4.8 லிட்டர் பெட்ரோல் எஞ்சின், கையால் போடும் கியர். மற்றது எண்பதாம் வரிசை லேண்ட் குரூசர், 4.5 லிட்டர் பெட்ரோல், நாலு கியர் ஆட்டோமேட்டிக். ஷார்ஜாவின் மலீஹாவில் சிவப்பு மணல், அபுதாபியின் லிவாவில் பெரிய குன்றுகள், கடைசியாக ஓமானில் அல் கலூஃப் கடற்கரை. வண்டிக்காரர்கள் இருவரும் கூடவே வந்தார்கள். என் மேல் நம்பிக்கையா, நம்பிக்கையின்மையா என்று நான் விசாரிக்கவில்லை.

எஞ்சினைப் பற்றிப் பேசுவதற்கு முன் டயரைப் பார்த்துவிட வேண்டும். மணலில் வண்டியைத் தூக்கிப் பிடிப்பது அதுதான். தார்ச்சாலையில் 35 பிஎஸ்ஐ வைத்திருக்கும் காற்றை மணல் தொடங்கும் இடத்தில் 15-க்கு இறக்குகிறோம். டயர் அகலமாகும் என்று பலரும் நினைக்கிறார்கள். பக்கவாட்டில் அது கொஞ்சம்தான் விரியும். உண்மையில் நீளமாகிறது. தரையைத் தொடும் பகுதி முன்னும் பின்னும் நீண்டு, இரண்டு டன்னுக்கு மேற்பட்ட எடையைப் பரப்பிவிடுகிறது. இப்படி நீள்வதற்கு டயரின் பக்கச்சுவர் உயரமாக இருக்க வேண்டும். இந்த இரண்டு வண்டிக்கும் 16 அங்குல ரிம், 275/70 அளவு டயர். பக்கச்சுவர் மட்டும் 192 மில்லிமீட்டர். இன்றைய ஆடம்பர வண்டியில் 22 அங்குல ரிம்மும் 275/50 டயரும் வந்தால் அந்தச் சுவர் 137 மில்லிமீட்டராகச் சுருங்கிவிடும். காற்றை இறக்கினால் ரிம் தரையை முத்தமிடும். இறக்காவிட்டால் வண்டி புதையும். கிழவர்களின் முதல் பலம் இந்தச் சின்ன ரிம்தான். விலை உயர்ந்த எந்தத் தொழில்நுட்பத்துக்கும் அதில் பங்கில்லை.

இந்த வித்தை புதிதும் அல்ல. ரால்ஃப் பாக்னோல்ட் என்ற பிரிட்டிஷ் ராணுவப் பொறியாளர் 1929-லும் 1930-லும் ஃபோர்டு மாடல் ஏ கார்களை ஓட்டிக்கொண்டு எகிப்தின் மேற்கே பெரும் மணற்கடலுக்குள் போனார். டயரில் காற்றைக் குறைத்தார். புதைந்த சக்கரத்துக்கு அடியில் போட இரும்புத் தகடுகளைச் சுமந்து போனார். கொதிக்கும் ரேடியேட்டரின் ஆவி வீணாகாமல் மறுபடி தண்ணீராகித் திரும்ப ஒரு ஏற்பாடும் செய்து வைத்திருந்தார். அந்தக் கார்களில் நான்கு சக்கர இழுவையே கிடையாது. மணல் எப்படி நகர்கிறது என்று அவர் எழுதி 1941-ல் வெளிவந்த நூலை செவ்வாய்க் கோளின் மணல்மேடுகளை ஆராய்கிறவர்களும் புரட்டுகிறார்கள். ஷார்ஜா கடை வாசல் வாதங்களில் அவர் பெயரை யாராவது எடுத்தால் நன்றாக இருக்கும்.

முதலில் பாட்ரோல். ஒய்61 வந்தது 1997-ல். 4759 சிசி, வரிசையாக ஆறு சிலிண்டர் கொண்ட எஞ்சின் அதில் ஏறியது சில ஆண்டுகள் கழித்து. 2010-ல் அடுத்த தலைமுறை பாட்ரோல் வந்த பிறகும் வளைகுடாவில் இந்தப் பழையதை சஃபாரி என்ற பெயரில் விற்றுக்கொண்டிருந்தார்கள். கேட்டு வாங்க ஆள் இருந்ததுதான் காரணம். முன்னும் பின்னும் ஒரே தண்டாக வரும் ஆக்சில், காயில் ஸ்பிரிங், பின் டிஃபரன்ஷியலைப் பூட்டும் வசதி. பின்பக்க ஸ்டெபிலைசர் கம்பியைப் பொத்தானால் விடுவிக்கவும் முடியும்; ஒரு சக்கரம் குழியிலும் மறு சக்கரம் மேட்டிலும் இருக்கும்போது ஆக்சில் தாராளமாகச் சாய்ந்து கொடுக்கும்.

உள்ளே ஏறினால் ஓட்டுநர் இருக்கை உயரம், கியர் கம்பி நீளம், ஸ்டியரிங்கில் கணிசமான தளர்வு. சாலையில் இவையெல்லாம் குறைகள். மலீஹாவில் முதல் மேட்டில் ஏறியதும் குறைகளின் கணக்கு மாறத் தொடங்கியது. மணற்குன்றுக்கு இரண்டு முகம். காற்று அடிக்கும் பக்கம் சரிவு குறைவு, மணல் இறுகியிருக்கும். மறுபக்கம் 30 டிகிரிக்கு மேல் செங்குத்து. களத்து நெற்குவியலில் கால் வைத்தது போல வண்டி இறங்கும். ஏறுவது காற்றுப் பக்கம், இறங்குவது நெற்குவியல் பக்கம், அதுவும் நேராக. குறுக்கே திருப்பினால் உருண்டுவிடும். ஏறும்போது இரண்டாம் கியரில் எஞ்சினைப் பாட விட வேண்டும். உச்சிக்கு ஒரு வண்டி நீளம் இருக்கும்போது காலை எடுத்துவிட வேண்டும். முன்சக்கரம் விளிம்பைத் தாண்டி மூக்கு கீழே சாயும் நேரத்தில் மறுபடி மெல்ல மிதிக்க வேண்டும். இந்த மூன்று அசைவுக்கும் பாட்ரோல் எஞ்சின் காட்டும் கீழ்ப்படிதல் அபாரம். மிதித்த அளவுக்கு உடனே சக்தி, எடுத்த அளவுக்கு உடனே அடக்கம். நடுவில் எந்தக் கணினியும் கருத்துச் சொல்வதில்லை. புது வண்டிகளில் சக்கரம் கொஞ்சம் சுழன்றாலே நிலைப்புக் கட்டுப்பாடு எஞ்சின் சக்தியை வெட்டிவிடும். நெடுஞ்சாலை மழையில் அது உயிர் காக்கும். குன்றின் பாதி ஏற்றத்தில் அது வேலை செய்தால் வண்டி நின்ற இடத்திலேயே குழி தோண்டும். பொத்தானை அழுத்தி நிறுத்திவிட்டு ஏற வேண்டியதுதான்.

குன்றுகளில் வழி காட்டியவர் பாலைவன சஃபாரி வண்டி ஓட்டிப் பழுத்த கீழக்கரைக்காரர். நான் ஒவ்வொரு இறக்கத்திலும் பிரேக்கைத் தேடுவதைப் பார்த்துவிட்டு, “தம்பி, பிரேக்க மறந்துரு. மணலே நிறுத்தும்” என்றார். “நிக்காம போனா என்ன பண்றது காக்கா?” என்றேன். “அப்ப இன்னும் போக வேண்டியிருக்குன்னு அர்த்தம்.” அவர் சொன்னதில் இயற்பியல் இருக்கிறது. பிரேக் பிடித்தால் நான்கு சக்கரத்துக்கு முன்னாலும் மணல் குவிந்துகொள்ளும், மறுபடி கிளம்ப அந்த நான்கு குவியலையும் ஏற வேண்டும். காலை எடுத்தால் வண்டி தானாக மெல்ல நிற்கும். நிற்கும்போது மூக்கு பள்ளத்தைப் பார்த்திருந்தால் இன்னும் நல்லது.

லிவாவில் குன்றுகள் வேறு அளவு. சுமார் 300 மீட்டர் உயரம் சொல்லப்படும் தல் மொரீப் இங்கேதான் நிற்கிறது. அதன் மேல் போட்டி போட்டு ஏறும் வண்டிகளில் இதே 4.8 எஞ்சினுக்கு டர்போ பொருத்தி ஆயிரம் குதிரைசக்திக்கு மேல் கறந்தவை உண்டு. அந்த எஞ்சினின் இரும்புக் கட்டை அவ்வளவையும் தாங்குகிறது என்பதுதான் பாட்ரோல் கட்சியின் நிரந்தரத் தேர்தல் அறிக்கை. நாங்கள் அந்தப் பக்கம் போய் அண்ணாந்து பார்த்துவிட்டு வந்தோம்.

லேண்ட் குரூசர் எண்பது வேறு குணம். 1990-ல் வந்து 1997 வரை பெரும்பாலான நாடுகளில் விற்ற இந்த வரிசையில்தான் லேண்ட் குரூசர் ஸ்டேஷன் வேகனுக்கு லீஃப் ஸ்பிரிங் போய் நான்கு பக்கமும் காயில் வந்தது. அடுத்து வந்த நூறாம் வரிசையில் பெரும்பாலான வண்டிகளுக்கு முன் ஆக்சில் தண்டும் போய்விட்டது. ஆக, முரட்டு ஆக்சிலும் மென்மையான ஸ்பிரிங்கும் ஒன்றாக இருந்த குறுகிய காலத்தின் வண்டி இது. ஓட்டும்போது அது தெரிகிறது. பாட்ரோல் துள்ளுகிற சிற்றலை மணலில் எண்பது மிதந்து போகிறது. நான்கு சக்கர இழுவை எப்போதும் இணைந்தே இருக்கும். நடு டிஃபரன்ஷியலைப் பூட்டினால் போதும்.

ஏற்றத்தில் அது திணறுகிறது என்று சொல்வது அநியாயம். தயங்குகிறது என்று சொல்லலாம். மிதித்த பிறகு ஆட்டோமேட்டிக் கியர் ஒரு கணம் யோசிக்கிறது, அந்தக் கணத்தில் வேகம் விழுகிறது. கியர் கம்பியைப் பிடித்து இரண்டாவதிலேயே நிறுத்தி வைத்தால் பாதிப் பிரச்சினை தீரும். மீதிப் பாதி, 4477 சிசி எஞ்சின் நிதானமாகப் பழகியது. குன்று ஏறும் விளையாட்டுக்கு எனக்கு பாட்ரோல்தான். இதில் எண்பது கட்சியினர் கோபித்துக்கொள்ள ஒன்றுமில்லை, அவர்கள் முறை கடற்கரையில் வருகிறது.

நடுவே சப்கா பற்றி ஒரு வார்த்தை. மேலே உப்புப் படிந்து காய்ந்த களம் போலத் தெரியும், கீழே சேறு. அதில் எந்த வண்டியும் சமம். சுற்றிப் போங்கள்.

அல் கலூஃப் பக்கம் வெள்ளை மணற்குன்றுகள் அரபிக் கடல் வரை வந்து நிற்கும். இங்கே ஓட்டுவது வேறு கலை. தண்ணீர் தொடும் ஓரம் சக்கரத்தை உறிஞ்சும், மேலே காய்ந்த மணல் புதைக்கும். இரண்டுக்கும் நடுவே, கடல் வற்றும்போது ஈரம் காயாமல் இறுகிக் கிடக்கும் ஒரு பட்டைதான் சாலை. அலை ஏறும் நேரம் தெரியாமல் அந்தப் பட்டையில் நுழைந்தால் ஒரு பக்கம் குன்று, மறுபக்கம் கடல், சாலை சுருங்கிக்கொண்டே வரும். கடல் நேர அட்டவணையைப் பார்த்து, வற்றத் தொடங்கும்போதே கிளம்பிவிட வேண்டும்.

இந்தப் பட்டையில் எண்பதுக்கு இணை இல்லை. வேகம் தேவையில்லை, சீரான இழுவைதான் தேவை. ஈரத்திலிருந்து காய்ந்த மணலுக்கு ஏறி மறுபடி இறங்கும்போது நான்கு சக்கரத்துக்கும் சக்தி ஏற்கெனவே போய்க்கொண்டிருப்பதால் ஓட்டுநர் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. அந்த மெத்தனமான கியர் இங்கே வரமாகிவிடுகிறது. நெடும்பயணத்தில் முதுகு பிழைப்பதும் இதில்தான். ஷார்ஜாவிலிருந்து கலூஃப் வரை பாட்ரோலில் வந்தவர் இறங்கி நின்று இடுப்பைப் பிடித்துக்கொண்டதைக் கண்ணால் பார்த்தேன்.

அங்குள்ள மீனவர்கள் இரண்டு கட்சியையும் மதிப்பதில்லை. அவர்களிடம் இருப்பது எழுபதாம் வரிசை லேண்ட் குரூசர் பிக்கப். படகைக் கயிறு கட்டி மணலில் இழுக்கிறது, வலையைச் சுமக்கிறது, உப்பு நீரில் நிற்கிறது. 1984-ல் தொடங்கிய வரிசை. டொயோட்டா இன்னும் நிறுத்தவில்லை. சுகம் என்ற சொல்லுக்கும் அந்த வண்டிக்கும் சம்பந்தம் கிடையாது. ஆனால் உழைக்கிற கடற்கரையில் அதுதான் ராஜா.

உப்பு இந்த வயதான வண்டிகளை உள்ளிருந்து தின்னும். ஓடிச் சூடான ஆக்சில் கடல் நீரில் சட்டென்று நனைந்தால், உள்ளே காற்று சுருங்கி, ஆயில் சீல் வழியாகத் தண்ணீரை இழுத்துக்கொள்ளும். ஆக்சிலின் மூச்சுக் குழாயை நீட்டி மேலே ஏற்றிவிடுவது மலிவான வேலை, அவசியமான வேலை. திரும்பியதும் டிஃபரன்ஷியல் ஆயிலைத் திறந்து பார்க்க வேண்டும். பால் நிறத்தில் இருந்தால் உடனே மாற்றிவிட வேண்டும். நல்ல தண்ணீரால் அடிப்பக்கம் முழுவதும், சேஸிஸ் சட்டத்தின் உள்பக்கம் உட்பட, கழுவாமல் வீடு சேரக்கூடாது.

சின்ன வண்டியைப் பற்றிக் கேட்பார்கள். பழைய சுசூகி ஜிம்னி எடை குறைவு, அதனால் பெரியவை புதையும் இடத்தில் மேலே ஓடிவிடும். நீளமான ஏற்றத்தில் 1.3 லிட்டர் எஞ்சினுக்கு மூச்சு வாங்கும். இரண்டு பேர், ஒரு கூடாரம், அவசரமில்லாத மனம் என்றால் அதுவே போதும்.

புகழ்ந்தது போதும், வயதின் கணக்கையும் சொல்ல வேண்டும். இரண்டு பெரிய வண்டியும் மணலில் பெட்ரோலைக் குடிக்கின்றன. சாலையில் கிடைக்கும் தூரத்தில் பாதி கிடைத்தால் பெரிது. பாட்ரோலுக்குத் துணைத் தொட்டி இருப்பது கொஞ்சம் ஆறுதல். எண்பதின் தொடக்ககால வண்டிகளில் ஏர்பேக் கிடையாது, குடும்பத்தோடு நெடுஞ்சாலையில் போகிறவர் அதை யோசிக்க வேண்டும். ரேடியேட்டர் அடைத்திருந்தால் நகரத்தில் தெரியாது, முதல் நீண்ட ஏற்றத்தில் முள் மேலே போகும்.

வாங்கப் போகிறவர் பெயிண்டைப் பார்க்க வேண்டாம். வண்டிக்கு அடியில் படுத்து, பின்சக்கரத்துக்கு மேலே சேஸிஸ் சட்டத்தைச் சின்னச் சுத்தியால் தட்டிக்கொண்டே வாருங்கள். கணீரென்று கேட்டால் இரும்பு, மந்தமாகக் கேட்டால் துருவும் அதன் மேல் பூச்சும். நான்கு சக்கர இழுவை நெம்புகோலை நீங்களே போட்டு ஓட்டிப் பாருங்கள். வருடக்கணக்கில் நகரத்திலேயே ஓடிய வண்டியில் அது இறுகிப் போயிருக்கும். கடற்கரைக்கும் தொலைதூரத்துக்கும் என்றால் எண்பது, அதிலும் 4.5 லிட்டர் எஞ்சின். குன்றுகளுக்கு என்றால் 4.8 பாட்ரோல், கையால் போடும் கியரோடு. என் பணம் பாட்ரோலுக்குத்தான் போகும், கூடவே நல்ல இருக்கை ஒன்றுக்கும்.