பிதா, அப்பா, பெத்தவர்

விருத்தாசலத்துக்காரர்களுக்கு இரண்டு பெரியநாயகிகள். ஒருத்தி ஊருக்குள் விருத்தகிரீஸ்வரர் கோயிலில். இன்னொருத்தி கொஞ்சம் தள்ளி கோணான்குப்பத்தில், சேலை கட்டிய மாதாவாக. இரண்டாமவளுக்கு அந்தப் பெயரையும் கோயிலையும் கொடுத்தவர் வீரமாமுனிவர் என்பது ஊர் வழக்கு. சைவ வீட்டில் பிறந்த எனக்கு இரண்டு பேருமே சொந்தம்தான். ஆனால் ஒரு கேள்வி ரொம்ப நாளாக உண்டு. கிறிஸ்தவம் கடவுளைப் 'பிதா' என்கிறது. அப்புறம் ஏன் எங்க பக்கத்து ஜனங்கள் ஒரு அம்மாவிடம் போய் நிற்கிறார்கள்?

கடவுள் ஆணா என்று கேட்டால் திருச்சபையின் பதில் தெளிவாகவே இருக்கிறது. 1992இல் வெளியான கத்தோலிக்க மறைக்கல்வி நூல், கடவுள் ஆணும் இல்லை, பெண்ணும் இல்லை என்கிறது. ஏசாயா நூலில் கடவுள் பிள்ளையைத் தேற்றும் தாயாகவும் வருகிறார். 1978இல் 33 நாள் மட்டுமே போப்பாக இருந்த முதலாம் ஜான் பால், கடவுள் நமக்குத் தந்தை, அதைவிடத் தாய் என்று வெளிப்படையாகவே பேசினார்.

ஆக, டாக்குமென்டேஷன் சரியாக இருக்கிறது. சிக்கல் கோடில்தான். பால் என்ற இடத்தில் 'பொருந்தாது' என்று ஆவணத்தில் எழுதிவிட்டு, உள்ளே 'ஆண்' என்று நிலையாக அடித்து வைத்திருக்கும் மென்பொருளை எங்கள் தொழிலில் நிறையப் பார்க்கலாம். ஜெபிக்கிறவர் கையில் இருப்பது ஆவணம் இல்லை. தினமும் வாயில் வருகிற சொல்.

அந்தச் சொல் தமிழுக்கு வந்தபோது என்ன ஆயிற்று என்பது சுவாரசியமானது. புராட்டஸ்டன்ட் வேதாகமத்தில் 'தேவன்' ஆண்பால். ஆனால் அவருடைய வினைகள் எல்லாம் 'ஆர்' என்று முடிகின்றன. படைத்தார், சொன்னார், கண்டார். இந்த விகுதி மரியாதையைச் சொல்லும், ஆணா பெண்ணா என்று சொல்லாது. 1995இல் வந்த பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியம் 'கடவுள்' என்றது. அந்தச் சொல்லில் பால் விகுதியே கிடையாது. தூய ஆவியின் கதை இன்னும் வேடிக்கை. எபிரேயத்தில் ஆவி பெண்பால், கிரேக்கத்தில் அஃறிணை மாதிரியான பொதுப்பால், லத்தீனில் ஆண்பால். தமிழில் ஆவி அஃறிணை. அது மனசுக்கு ஒப்பாமல் நம்மவர்கள் 'ஆவியானவர்' என்று ஆக்கிக்கொண்டார்கள். தமிழ் ஆவிக்கு மரியாதை கொடுத்தது, மீசை வைக்கவில்லை.

ஆனால் 'பிதா' மட்டும் அசையாமல் நிற்கிறது. இங்கேதான் தேம்பாவணியை மறுபடி வாசிக்க வேண்டியிருக்கிறது. 1726இல் முடிந்த காப்பியம், 36 படலங்கள், 3615 பாடல்கள். அதன் நாயகன் இயேசு அல்ல. சூசை. வீரமாமுனிவர் வைத்த பெயர் வளன். யோசித்துப் பாருங்கள், தமிழில் எழுந்த மாபெரும் கிறிஸ்தவக் காப்பியத்தின் தலைவன், பெறாமலே அப்பாவான ஒரு தச்சன். இதற்கு மூலமாக அமைந்த 'கடவுள் நகர்' என்ற ஸ்பானிய நூலை எழுதியவர் ஆகிர்தா ஊர் மரியா என்ற கன்னியாஸ்திரி.

தகப்பன் வழியில் குலம் பார்க்கிற ஒரு சமூகத்தின் முன்னால் இந்தக் கதையை வைத்தது சாதாரணக் காரியம் இல்லை. மத்தேயு நற்செய்தி ஆபிரகாமிலிருந்து நீளமாக வம்சம் சொல்லிக்கொண்டே வந்து, கடைசியில் குழந்தையைப் பெறாத சூசையிடம் முடிகிறது. ரத்தம் அறுந்த இடத்தில் தகப்பன்மை தொடங்குகிறது. வளர்ப்பதுதான் அப்பா என்றால், கடவுளை அப்பா என்பதற்கும் ஆண் உடம்புக்கும் சம்பந்தம் இல்லை.

தேம்பாவணியின் குறையும் இங்கேதான். வளனைத் தாவீதின் அரச குலத்தவன் என்று கொண்டாடாமல் காப்பியத்தால் நகர முடியவில்லை. பெறாத அப்பாவுக்கும் பெரிய குலம் தேவைப்படுகிறது. கதவைத் திறந்தவர் வாசற்படியிலேயே நின்றுவிட்டார் என்பேன்.

பெரியநாயகி அந்தக் குறையை ஈடுகட்டுகிறாளா? பாதிதான். நம் வீடுகளில் அப்பாவிடம் எதுவும் கேட்கணும்னா அம்மா வழியாகத்தான் கேட்போம். அம்மா நல்ல நேரம் பார்த்து மெல்லப் பேச்சை எடுப்பாள். மாதாவின் பரிந்துரை என்பதும் நம் ஊரில் இப்படித்தான் புரிந்துகொள்ளப்படுகிறது. ஈரம் முழுக்க அம்மாவுக்கு, அதிகாரம் முழுக்க அப்பாவுக்கு. அவள் எவ்வளவு பெரியநாயகியானாலும், மேலே இருப்பவர் ஆணாகவே இருந்துவிடுகிறார். தமிழ்க் குடும்பத்தை அப்படியே பரலோகத்தில் குடிவைத்துவிட்டோம்.

இது வெறும் இலக்கணத் தகராறு இல்லை. குடிச்சிட்டு வந்து அடிக்கிற அப்பா இருக்கிற வீட்டில் ஒரு பெண்பிள்ளை ராத்திரி முழங்காலில் நின்று 'பிதாவே' என்கிறாள். அந்தச் சொல்லுக்கு அவளுக்குத் தெரிந்த முகம் ஒன்றுதான். கடவுள் ஆண் இல்லை என்ற மறைக்கல்வி வரி அந்த நேரத்தில் அவளுக்கு உதவிக்கு வராது.

எங்கள் ஊர் செராமிக் பட்டறைகளில் பொம்மை வார்ப்பதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். பிளாஸ்டர் அச்சில் களிமண் கரைசலை ஊற்றுவார்கள். அச்சு நீரை உறிஞ்சும், மண் இறுகிச் சுருங்கும். அந்தப் பக்குவத்தில் அச்சைக் கழற்றிவிட வேண்டும். விடாமல் பிடித்து வைத்தால் பொம்மை விரிசல் விடும். ஏசாயா 64ஆம் அதிகாரம் ஒரே மூச்சில் கடவுளைத் தந்தை என்றும் குயவர் என்றும் அழைக்கிறது. குயவர் என்பதை உவமை என்று உடனே புரிந்துகொள்கிறோம். தந்தை என்பதை மட்டும் அச்சோடு பிடித்துக்கொண்டிருக்கிறோம்.

அச்சைக் கழற்றிக் காட்டியவர் ஒருவர் உண்டு. மதுரை தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் இருந்த தலித் இறையியலாளர் தியோபிலஸ் அப்பாவு. பரட்டை என்ற பெயரில் நாட்டுப்புற மெட்டுகளில் பாட்டு கட்டியவர். அவர் கடவுளை அழைத்த சொல் 'பெத்தவரே'. அம்மாவையும் சொல்லலாம், அப்பாவையும் சொல்லலாம். சமஸ்கிருதமும் இல்லை, செந்தமிழும் இல்லை, சேரியில் புழங்குகிற சொல். அவருடைய பாட்டில் அந்தப் பெத்தவரின் குடும்பம் சாதி பார்க்காமல் ஒரே உலையில் பொங்கிச் சாப்பிடுகிறது. வளனிடமிருந்து கழற்ற முடியாமல் போன குலம் இங்கே கழன்றுவிடுகிறது.

இயேசு அரமேயத்தில் 'அப்பா' என்றுதான் கூப்பிட்டார், தமிழ்ப் பிள்ளை கூப்பிடுகிற அதே ஓசையில். எனவே 'அப்பா'வைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. நல்ல அப்பா வாய்த்தவர்கள் தாராளமாக அப்படியே கூப்பிடட்டும். மற்றவர்களுக்கும் ஒரு சொல் வேண்டுமே. தமிழில் அது தயாராக இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை ஆராதனைப் புத்தகத்தில் இன்னும் அதைச் சேர்க்கவில்லை, அவ்வளவுதான்.