கறிவேப்பிலைக்கு வந்த விருந்தாளி

தை பிறந்து அடைமழை ஓய்ந்துவிட்டால், காரைக்காலில் வண்ணத்துப்பூச்சி பார்க்கப் படி இறங்கவே வேண்டாம். கொல்லையில் ஒரு கறிவேப்பிலைச் செடி போதும்.

இலைமேல் பறவை எச்சம்போல ஒட்டியிருப்பதைத் தட்டிவிடாதீர்கள். கறிவேப்பிலை அழகி அல்லது எலுமிச்சை அழகியின் இளம்புழு அது; வளர வளரப் பச்சையாகும். லேசாகத் தொட்டால், தலைக்குப் பின்னாலிருந்து செந்நிறக் கவையை நீட்டி நாற்றம் பரப்பும். தாளிக்க நாலு ஆர்க்கு குறைந்தால் குறையட்டும். கறிவேப்பிலை அழகியின் பெண்களில் ஒரு வகை, நஞ்சுள்ள சிவப்புடல் அழகியின் சிறகுக் கோலத்தைப் போட்டுக்கொண்டு பறவைகளை ஏய்க்கும். உடலைப் பாருங்கள்: சிவப்பென்றால் அசல், கறுப்பென்றால் வேஷம்.

வேலியோர எருக்கில் வெந்தய வரியன் என்ற இன்னொரு வண்ணத்துப்பூச்சி.

அந்துப்பூச்சிகளுக்கு இந்த மரியாதை கிடைப்பதில்லை. டியூப்லைட்டைச் சுற்றினால் விரட்டுகிறோம். எனக்கென்னவோ அவைதான் பிடிக்கும். நந்தியாவட்டையில் அவற்றின் கொழுத்த பச்சைப்புழு ஒன்று நீலக்கண்ணால் முறைத்தால், அது பொய்க்கண்.

சுவரில் ஊரும் இருமுனைக் கூட்டைக் குப்பையென்று நினைப்பவர்களே அதிகம். அதுவும் ஓர் அந்துப்பூச்சியின் புழு பட்டிழையில் மணலும் தூசியும் சேர்த்துக் கட்டியது. எந்த முனையிலும் தலை நீட்டும். பழைய ஒட்டடை அதற்குச் சாப்பாடு. போகிக்கு அடித்துத் துடைத்த வீட்டில் மாசி வரை காத்திருக்க வேண்டும்; சோம்பேறி வீட்டில் எப்போதும் தரிசனம்.