மெட்ராஸ் கஃபே: கோட்டைவிட்டது எங்கே?

ராஜீவ் காந்தி படுகொலையைத் தழுவிய ‘மெட்ராஸ் கஃபே’ இந்திப் படம் 2013 ஆகஸ்ட் 23 அன்று வெளியானது. ஷூஜித் சர்க்கார் இயக்கினார். ஜான் ஆபிரகாம் நடித்ததோடு தயாரிப்பிலும் பங்கேற்றார். கடும் எதிர்ப்பினால் தமிழ்நாட்டுத் திரையரங்குகளில் படம் ஓடவில்லை. வட இந்திய விமர்சகர்கள் பலர் பாராட்டினர். ஆனால் பரபரப்புப் படம் என்ற அளவில் எடைபோட்டால், கைக்கு எட்டிய பெரிய வாய்ப்பைத் தவறவிட்ட படம் இது.

திரைக்கதை

1987 இந்திய-இலங்கை ஒப்பந்தத்துக்குப் பின் இலங்கையில் இந்திய அமைதிப்படை இருந்த காலத்தில் கதை தொடங்குகிறது. உளவு அதிகாரி விக்ரம் யாழ்ப்பாணம் செல்கிறார், சதியின் நுனியைப் பிடிக்கிறார், கடைசியில் மேடை வரை ஓடி வந்தும் தடுக்க முடியாமல் போகிறது. முடிவு எல்லோருக்கும் தெரிந்த கதையில் ‘நடக்குமா’ என்ற கேள்வி எடுபடாது. ‘எப்படி’ என்பதுதான் ரசிகரை இருக்கையில் பிடித்து வைக்கும். பிரெஞ்சு அதிபர் டி கோல் கொல்லப்படவில்லை என்பது தெரிந்தும் ‘தி டே ஆஃப் தி ஜக்கால்’ (1973) விறுவிறுப்பாக இருப்பதற்குக் காரணம், கொலையாளியின் ஒவ்வொரு ஆயத்தத்தையும் அது பொறுமையாகக் காட்டுவதுதான். சர்க்காரின் படமோ கற்பனை நாயகனின் ஓட்டத்தையும் சொந்தச் சோகத்தையும் நம்புகிறது.

உண்மை வழக்கில் அந்த ஆயத்தங்கள் நிறையவே இருந்தன. சதிகாரர்கள் 1991 மே 7 அன்று நந்தனத்தில் வி.பி. சிங் கூட்டத்தில் ஒத்திகை பார்த்தனர். மே 21 இரவு ஸ்ரீபெரும்புதூரில் குண்டு வெடித்தபோது படம் எடுக்க வந்த ஹரிபாபுவும் இறந்தார். அவருடைய கேமரா மட்டும் தப்பியது. அதிலிருந்த படங்களில் சந்தன மாலையோடு காத்திருந்த தற்கொலைக் குண்டுதாரி தனுவும், வெள்ளைக் குர்தாவும் கையில் குறிப்பேடுமாகப் பத்திரிகையாளர் தோற்றத்தில் நின்ற சதித் தலைவன் சிவராசனும் பதிவாகியிருந்தனர். டி.ஆர். கார்த்திகேயன் தலைமையிலான சிறப்புப் புலனாய்வுக் குழுவுக்கு முதல் பிடி அங்கேதான் கிடைத்தது. இன்றைய திருவள்ளூர் மாவட்டத்திலுள்ள பூந்தமல்லியில் அமைந்த தனி நீதிமன்றம் 1998 ஜனவரி 28 அன்று குற்றம் சாட்டப்பட்ட 26 பேருக்கும் மரண தண்டனை விதித்தது. 1999 மே 11 அன்று உச்ச நீதிமன்றம் 4 பேருக்கு அதை உறுதிசெய்து, 3 பேருக்கு ஆயுள் தண்டனையாகக் குறைத்து, 19 பேரைக் கொலைச் சதிக் குற்றச்சாட்டிலிருந்து விடுவித்தது. கொலையோடு ஏறக்குறைய முடிந்துவிடும் படம் இந்தப் பகுதியைத் தொடவேயில்லை.

நடிப்பு

ஜான் ஆபிரகாம் அடக்கி வாசிக்கிறார்; ஆனால் மனைவியை இழக்கும் இடத்திலும் முகத்தில் பெரிய மாற்றம் தெரியவில்லை. பத்திரிகையாளர் ஜெயாவாக வரும் நர்கீஸ் ஃபக்ரி தகவல் சொல்லிவிட்டுப் போகும் பாத்திரமாக நின்றுவிடுகிறார். சித்தார்த்த பாசுவும் பிரகாஷ் பெலவாடியும் குறைந்த நேரத்தில் நம்பும்படி நிற்கிறார்கள். போராளித் தலைவராக அஜய் ரத்னத்துக்குத் தோற்றம் கிடைத்த அளவு காட்சிகள் கிடைக்கவில்லை.

தொழில்நுட்பம்

படத்தின் பலம் இங்கேதான். கமல்ஜீத் நேகியின் ஒளிப்பதிவு போரின் புழுதியையும் ஈரத்தையும் கண்முன் நிறுத்துகிறது. ஒலிப்பதிவுக்கு 61ஆவது தேசியத் திரைப்பட விருது கிடைத்தது தகுதியானதே.

மக்கள்

கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையை ஒட்டிய இலங்கைத் தமிழர் அகதி முகாமில், போரிலிருந்து தப்பி வந்த பல குடும்பங்கள் 1990களிலிருந்து வாழ்கின்றன. அங்கேயே பிறந்து வளர்ந்த தலைமுறையும் உண்டு. படகேறித் தப்பி வந்தவர்களுக்கும், கொலைக்குப் பின் தமிழ்நாட்டில் சந்தேகப் பார்வையைச் சுமந்தவர்களுக்கும் இந்தக் கதையில் பங்கு உண்டு. படத்திலோ அவர்கள் பிணங்களாகவும் கூட்டமாகவும் வருகிறார்கள். பெயரும் குரலும் உள்ள ஒரு குடும்பம்கூட மனதில் தங்கவில்லை.

தொழில்நுட்பத்தில் தேர்ச்சியும் திரைக்கதையில் சறுக்கலும் கொண்ட படம் இது. வழக்கின் விவரங்களை வரிசையாக நம்பி, போரில் சிக்கிய மக்களுக்கும் இடம் தந்திருந்தால் இந்திய அரசியல் பரபரப்புப் படங்களுக்கு அளவுகோலாகியிருக்கும். தமிழில் இந்தக் கதையை இனி எடுக்க முனைபவருக்குத் தேவையான மூலப்பொருள் வழக்கின் ஆவணங்களிலும் முகாம்களின் நினைவுகளிலும் இருக்கிறது.