சிவப்புக் கோடுகள்

அமெரிக்க ரயில் பாதைகளின் சரித்திரத்தைத் தேசப்படத்தில் பார்த்தால் பிரமிப்பாகத்தான் இருக்கும். 1869 மே 10-ந் தேதி, கிழக்கிலிருந்து வந்த தண்டவாளமும் மேற்கிலிருந்து வந்த தண்டவாளமும் யூட்டாவில் சேர்ந்தன. 1916-ல் பாதைகளின் நீளம் சுமார் 2,54,000 மைல். கோடுகள் எங்கே போகின்றன என்று படம் சொல்லிவிடும். அவற்றின்மேல் போன சரக்குக்கு யார் என்ன விலை கொடுத்தார்கள் என்று சொல்ல ஒரு நாவலாசிரியன் வேண்டியிருக்கிறது.

1901-ல் வெளிவந்த பிராங்க் நாரிஸின் 'ஆக்டோபஸ்' அப்படிப்பட்ட நாவல். கலிபோர்னியாவில் நிலத்தின் விலை பற்றி ரயில் கம்பெனிக்கும் குடியானவர்களுக்கும் மூண்ட தகராறில், 1880 மே மாதம் ஏழு பேர் துப்பாக்கிக்கு இரையானார்கள். அந்தச் சம்பவமே கதைக்கு வித்து.

நாவலிலும் ஒரு ரயில் படம் வருகிறது. கம்பெனியின் பாதைகள் சிவப்பு, மாகாணம் வெளுப்பு. ராஜ்யத்தின் ரத்தத்தையெல்லாம் அந்தக் கோடுகள் உறிஞ்சிவிட்டதாக ஆசிரியர் வர்ணிக்கிறார். முதல் தடவை படித்தபோது அசந்துபோனேன். மறுபடி படித்தபோது ஆசிரியர் குரலை உயர்த்திவிட்டாரே என்று பட்டது.

அதைவிட எனக்குப் பிடித்தது கலப்பை விவகாரம். குடியானவர்கள் வரவழைத்த கலப்பைகள் அவர்கள் ஊர் ஸ்டேஷனிலேயே, கண்ணெதிரே வண்டியில் நிற்கின்றன. இறக்கக் கூடாதாம். ஸான்பிரான்ஸிஸ்கோ வரை போய், அங்கிருந்து வேறு கட்டணத்தில் திரும்பி வர வேண்டுமாம். இங்கே வர்ணனையே இல்லை. வெறும் கட்டண விதிதான். ஆனால் படத்திலிருந்த சிவப்புக் கோட்டின் அர்த்தம் இங்கேதான் புரிகிறது.

கடைசியில் நாரிஸ் என்னை ஏமாற்றிவிடுகிறார். குற்றம் மனிதர்களுடையது அல்ல, கோதுமையும் ரயிலும் இயற்கைச் சக்திகள் என்று கம்பெனித் தலைவர் பேசுகிறார்; கதையில் வரும் கவிஞனும் கிட்டத்தட்ட அதற்கே இணங்கிவிடுகிறான். பல பேர் மாண்டாலும், கப்பலேறிய கோதுமை இந்தியாவில் பட்டினி கிடப்பவர்களைக் காப்பாற்றுமே என்று ஆறுதல் அடைகிறான்.

அந்த இந்தியாவின் வாசகன் நான். பஞ்சத்தில் வந்த தானியத்தை நான் குறைகூற மாட்டேன். ஆனால் எங்கள் பசியைக் காட்டி அந்தக் கணக்கை நேர்செய்ய எனக்குச் சம்மதமில்லை. சண்டையில் புருஷனைப் பறிகொடுத்த ஒருத்தி, ஸான்பிரான்ஸிஸ்கோவில் பட்டினியால் சாகிறாள். அதை எழுதியவரும் நாரிஸ்தானே?

முடிவில் அவர் மிக உயரத்தில் ஏறி நின்றுவிட்டார். அங்கிருந்து பார்த்தால் கோடுகள் தெரியும், மனிதர்கள் தெரியமாட்டார்கள். அது படம் வரைகிறவனுக்குத் தகும், நாவலாசிரியனுக்குத் தகாது. இருந்தாலும் புத்தகத்தை மூடிய பிறகு என் மனத்தில் நிற்பது அந்தச் சமாதானம் அல்ல. சொந்த ஊருக்கு வந்தும் இறங்க முடியாமல் நின்ற அந்தக் கலப்பைகள்தான்.